பெரட்டுக்களத்தில் பஸ் திரும்பவில்லை

பெரிய ஜீப்களைப் பற்றி என்னிடம் யாரும் பேச்சுக் கொடுக்காமல் இருப்பது நல்லது. கொடுத்தால் நான் இலேசில் நிறுத்த மாட்டேன். டிவியில் அப்படி ஒரு விளம்பரம் வந்தால் என் வீட்டுக்காரர் உடனே ரிமோட்டைத் தேடுவார். பயம் ஜீப்புக்கு அல்ல, என் வாய்க்கு.

மாத்தளை டவுனில் ஒரு பாமசியில் வேலை செய்கிறேன். கடைக்கு முன்னால் நடைபாதை, அதைத் தாண்டினால் மெயின் ரோடு. அந்த நடைபாதையின் மேல் பாதி ஏறியபடி வாரத்துக்கு ஒரு முறையாவது ஒரு பெரிய ஜீப் வந்து நிற்கும். அதிலிருந்து ஒரு மனிதர் இறங்குவார். என்ஜினை நிறுத்த மாட்டார். உள்ளே குளிர் குறைந்துவிடுமாம். அவர் எங்களிடம் இருமல் மருந்து வாங்கிக்கொண்டிருக்கும்போது, அவருடைய வண்டி விடும் புகை கண்ணாடிக் கதவு வழியாக உள்ளே வந்துகொண்டிருக்கும். தன் இருமலுக்கு மருந்து வாங்கிக்கொண்டு எங்கள் எல்லோருக்கும் இருமலைக் கொடுத்துவிட்டுப் போகிற மனிதர் அவர்.

அவரைக்கூட நான் மன்னித்துவிடுவேன். எனக்குப் பற்றிக்கொண்டு வருவது வேறு விஷயம். ஒரு நாள் அலுவிகாரையிலிருந்து வந்த ஒரு அம்மா, டாக்டர் எழுதிய சர்க்கரை வியாதி மருந்துத் துண்டோடு வரிசையில் வெகுநேரம் நின்று, கடைசியில் முன்னால் வந்திருந்தார். கதவு திறந்தது. வெளியே நிற்கும் ஜீப்பையும் உள்ளே வரும் மனிதரையும் பார்த்தவுடன் அந்த அம்மா தானாகவே ஒதுங்கி இடம் விட்டார். யாரும் அவரை ஒதுங்கச் சொல்லவில்லை. எங்கள் முதலாளி உடனே, “சேருக்கு மொதல்ல குடுங்க” என்றார். நான் அந்த அம்மாவின் துண்டைக் கையில் வாங்கி, அவருக்குத்தான் முதலில் கொடுத்தேன். அதற்கு முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். அது பரவாயில்லை. ஆனால் அந்த அம்மாவே என்னைப் பார்த்து, “ஏம்மா, அவங்கள காக்க வைக்கிறே” என்று கேட்டதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

இவ்வளவு எண்ணெய் குடிக்கிற வண்டி இந்தச் சின்ன நாட்டுக்கு எதற்கு, இதற்கு யார் காரணம் என்ற கேள்வி எங்கள் கடையில் தேநீர் நேரத்தில் அடிக்கடி வரும். எண்ணெய்க்கு வரிசையில் நின்று நாடே வெந்த காலத்துக்குப் பிறகும் இந்த வண்டிகள் குறையவில்லையே என்பார்கள். கம்பனிக்காரன் என்பார் ஒருவர். விளம்பரம் என்பார் இன்னொருவர். அரசாங்கம், லீசிங்காரன், வெளிநாட்டிலிருந்து காசு அனுப்புகிறவன் என்று பட்டியல் நீளும். எல்லாரும் காரணம்தான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பட்டியலில் சொல்கிறவர் தன்னை ஒரு நாளும் சேர்ப்பதில்லை.

விளம்பரத்தில் ஜீப் ஆற்றைக் கடக்கும், சேற்றில் பாயும், மலை ஏறும். ஒரு மருத்துவ முகாமுக்கு உதவியாக நான் லக்கல பக்கம் போயிருக்கிறேன். ஆறும் சேறும் அங்கே நிறையவே இருக்கின்றன. பஸ் எப்போதாவது வரும். யானை நின்றால் அதுவும் வராது. அங்கே காய்ச்சல்காரரைக் கொண்டுவந்தது ஒரு லேண்ட்மாஸ்டர். கை உழவு இயந்திரத்தின் பின்னால் கட்டிய பெட்டியில் பாயை விரித்துப் படுக்க வைத்திருந்தார்கள். ஜீப் தேவைப்படுகிற இடத்தில் ஒரு ஜீப்பையும் நான் காணவில்லை. அவை எல்லாம் மாத்தளையில், வழுவழுப்பான கார்ப்பெட் ரோட்டில், பாண் வாங்க பேக்கரிக்குப் போய்க்கொண்டிருந்தன.

இப்போது எங்கள் தோட்டத்துக்கு வருகிறேன். என் கோபம் முழுவதும் அங்கேதான் இருக்கிறது.

உக்குவளை ரோட்டிலிருந்து பிரிந்து மேலே ஏறினால் தோட்டத்தில் எங்கள் பகுதி, எங்கள் டிவிஷன். கொஞ்சம் தேயிலை, மிச்சம் மிளகும் கொக்கோவும். லயத்து வரிசை வீடுகளில் இருக்கிறவர்களில் பாதிப் பேர் இன்னும் தோட்டத்தில் வேலை செய்கிறார்கள். மற்றவர்கள் என்னைப் போல டவுனுக்கு இறங்குகிறோம். என் மகள் உயர்தர வகுப்பில் விஞ்ஞானம் படிக்கிறாள். தமிழில் அந்தப் பிரிவு இருக்கிற பள்ளிக்கூடம் டவுனில்தான். காலையில் இருட்டோடு இருட்டாக மெயின் ரோடு வரை இறங்கி பஸ் பிடிக்க வேண்டும், பின்னேர வகுப்பு முடிந்து இருட்டில் ஏற வேண்டும். சேர்ந்து போகிற த்ரீவீலுக்கு எண்ணெய் விலை ஏறிய பிறகு எங்களுக்குத் தினமும் கொடுத்துக் கட்டுப்படியாகவில்லை. மழை என்றால் த்ரீவீல்காரரும் வர மாட்டார். எங்கள் டிவிஷனில் விஞ்ஞானம் படிக்கப் போன பிள்ளைகள் இவளுக்கு முன்னால் இரண்டு பேர். இருவரும் இந்த ஏற்ற இறக்கத்தில் அலுத்துப்போய் பாதியில் விட்டார்கள். இவளும் விட்டுவிடுவாளோ என்ற பயத்தில்தான் நான் பஸ் கேட்டு அலைந்தேன்.

தோட்டத்துக்குக் கொங்கிரீட் ரோடு போட்டுத் தந்தபின் பஸ் கேட்க ஒரு நியாயம் இருந்தது. வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கினேன். பஸ் டிப்போவில் ஒரு அதிகாரி, சிங்களவர், பொறுமையாகக் கேட்டார். ஒரு நாள் தானே வந்து ரோட்டைப் பார்த்தார். சின்ன பஸ் ஏறும், ஆனால் மேலே திருப்ப இடம் வேண்டும் என்றார். கோயிலுக்கு முன்னால் இருக்கிற பெரட்டுக்களத்தைக் காட்டினேன். காலையில் தொழிலாளர்களை நிறுத்திப் பெயர் கூப்பிட்டு வேலைக்குப் பிரிக்கிற மைதானம் அது. போதும் என்றார். ஒரு நாள் பஸ்ஸை அனுப்பிப் பார்ப்போம், ஏறித் திரும்பி இறங்கிவிட்டால் காலையும் மாலையும் போடலாம் என்றார். எனக்கு அங்கேயே அவர் காலில் விழலாம் போல இருந்தது.

அந்தச் சந்தோஷத்தோடு நான் நேராகப் போனது எங்கள் கோயில் கமிட்டித் தலைவரிடம். அவர் டவுனில் ஹாட்வெயார் கடை வைத்திருக்கிறார், ஆனாலும் தோட்டத்தில் அவர் சொல்தான். விஷயத்தைக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது.

“நல்ல காரியம் தங்கச்சி. ஆனா பஸ்ஸு சும்மா வந்து சும்மா போறதா? ஒரு சீஃப் கெஸ்ட் வேணாமா?”

“அண்ணே, இது ட்ரையல் தானே. வந்து திரும்பிட்டுப் போயிரும்.”

“அதெல்லாம் நீ விடு. நாங்க பாத்துக்கிறோம்.”

பார்த்துக்கொண்டார்கள். அரசியலில் இருக்கும் ஒரு பிரமுகரை அழைத்தார்கள். அவர் வருகிறார் என்றதும் கோயிலுக்கு நன்கொடை தருகிற முதலாளிமார் சிலரை அழைத்தார்கள். குலை வாழை கட்டினார்கள், பந்தல் போட்டார்கள், நாற்காலிகளுக்கு வெள்ளைத் துணி சுற்றினார்கள். பெரட்டுக்களத்தின் வாயிலில் சிவப்பு ரிப்பன் கட்டினார்கள். என் மகளுக்குச் சேலை கட்டி, கையில் சந்தனத் தட்டைக் கொடுத்து நிறுத்தினார்கள். பஸ்ஸின் முன் கண்ணாடிக்கு முதல் பொட்டு அவள் வைக்க வேண்டும் என்று பேச்சு.

அன்று காலையில் பெரட்டுக்களத்தில் நின்ற மோட்டார் சைக்கிள்களையும் த்ரீவீல்களையும் தலைவர் ஒன்றுவிடாமல் விரட்டினார். “பஸ்ஸு திரும்பணும், எடுங்க எடுங்க” என்று கீழ் லயம் வரை அனுப்பிவிட்டார். பரவாயில்லை, மனிதருக்குப் புத்தி இருக்கிறது என்று நினைத்தேன்.

பிறகு முதல் ஜீப் வந்தது. கறுப்புக் கண்ணாடி, என் தோள் உயரத்துக்கு பொனட். தலைவர் இரண்டு கையையும் ஆட்டி, “இப்படி வாங்க, இப்படியே உள்ளுக்கு வாங்க” என்று பின்னால் நடந்தபடி அதைப் பெரட்டுக்களத்துக்குள் கொண்டுவந்தார். ரிப்பனை இரண்டு பேர் தூக்கிப் பிடித்தார்கள். மேளம் அடித்தார்கள். அடுத்தது வந்தது. அதற்கும் ரிப்பனைத் தூக்கினார்கள். அப்படியே ஒன்றன்பின் ஒன்றாக. ஒரு ஜீப்புக்கு ஒரு மனிதர், கூடிப்போனால் இரண்டு பேர். களம் நிறைந்ததும் கடைசியாக வந்த இரண்டும் ரோட்டிலேயே, மதகுப் பக்கம் வளைவில் நின்றுவிட்டன.

ஐயர் மணியோடு வெளியே வந்தார். புது மோட்டார் சைக்கிளுக்குப் பூசை போட வருகிறவர்களுக்குக் கோயில் வாசலில் வைத்தே திருநீறு கொடுத்து அனுப்புகிறவர், அன்று பிரமுகரின் ஜீப்பைச் சுற்றிவந்து கற்பூரம் காட்டினார். என் மகளைக் கூப்பிட்டு அதற்குப் பொட்டு வைக்கச் சொன்னார்கள். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு வைத்தாள்.

பிரமுகர் பேசத் தொடங்கிய பின்தான் பஸ் வந்தது. வளைவில் ஹோர்ன் சத்தம் கேட்டது. மேளக்காரர்கள் அதைக் கேட்டு ஒரு தட்டுத் தட்டிவிட்டு, பேச்சு நடக்கிறதே என்று நிறுத்திக்கொண்டார்கள். நான் கீழே ஓடினேன். பஸ் மதகுக்குக் கீழே நின்றது. முன்னால் இரண்டு ஜீப். ஒன்றில் யாருமில்லை. மற்றதில் சாரதி சீட்டைச் சாய்த்துப் படுத்திருந்தார், என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாடியைத் தட்டினேன்.

“கொஞ்சம் முன்னுக்கு எடுங்கண்ணே. பஸ்ஸு வரணும்.”

“சேர் சொல்லணும்” என்றார். கண்ணாடி மறுபடி மேலே போனது.

மேலே ஓடி வந்தேன். தலைவர் மேடைக்குப் பக்கத்தில் கைகட்டி நின்றார்.

“அண்ணே, பஸ்ஸு வந்து நிக்குது. ஜீப்புகள எடுக்கச் சொல்லுங்க.”

“ஐயா பேசிக்கிட்டு இருக்காரு தங்கச்சி. இப்ப போயி எப்படிச் சொல்றது?”

“நீங்க சொல்லலன்னா நான் சொல்றேன்.”

நான் மேடைப் பக்கம் திரும்பினேன். கமிட்டி ஆட்கள் இரண்டு பேர் குறுக்கே வந்தார்கள். “மானத்த வாங்காதீங்கக்கா” என்று ஒருவன் சொன்னான். கூட்டத்தில் இருந்த பெண்களில் ஒருத்தி என் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். பிரமுகர் அப்போது, தோட்டப்புறப் பிள்ளைகளின் கல்விக்காக இந்த பஸ் எவ்வளவு அவசியம் என்று பேசிக்கொண்டிருந்தார்.

மறுபடி பஸ்ஸிடம் போனேன். டிப்போ அதிகாரியும் அதில் வந்திருந்தார். இறங்கி வந்து களத்தை எட்டிப் பார்த்தார். கோபப்படவில்லை. பஸ்ஸை டவுன் சேவைக்குக் கொண்டுபோக வேண்டும், இனிமேல் நிற்க முடியாது என்று சிங்களத்தில் சொன்னார். திருப்ப இடமில்லை என்றுதான் தன்னால் எழுத முடியும், நங்கி, அதாவது தங்கச்சி, குறை நினைக்க வேண்டாம் என்றார். பஸ் பின்னோக்கியே இறங்கிப் போனது. கொண்டக்டர் பின்னால் நடந்து, தட்டித் தட்டி வழி காட்டிக்கொண்டு போனதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மேலே வந்தபோது ரிப்பன் வெட்டிக்கொண்டிருந்தார்கள். சத்தியமாகச் சொல்கிறேன், பஸ் இல்லாமல் பஸ் சேவையைத் திறந்து வைத்தார்கள். எல்லோரும் கைதட்டினார்கள். தினமும் என்னோடு அந்த ஏற்றத்தில் மூச்சு வாங்க ஏறுகிற பெண்களும் தட்டினார்கள். பிறகு சாப்பாடு. ஐயாமார் புறப்பட்டபின் பெரட்டுக்களம் வெறுமையாகக் கிடந்தது. இரண்டு பஸ் ஒரே நேரத்தில் திரும்பலாம்.

அந்த வாரக் கடைசியில் கமிட்டி கூடியது. பஸ் சாரதிக்குத் திமிர் என்றார்கள். டிப்போக்காரனுக்கு நம் ஆட்கள் என்றால் இளக்காரம் என்றார்கள். அவசரப்பட்டுப் போய்விட்டான் என்றார்கள். ஜீப் என்ற சொல் யார் வாயிலும் வரவில்லை. நான் எழும்பி, களத்தை அடைத்துக்கொண்டு நின்றது எது என்று கேட்டேன்.

“ஐயா மேல குத்தம் சொல்றியா?” என்றார் தலைவர்.

“ஐயா மேல இல்லண்ணே. அவர் வண்டிய எங்க விடணும்னு அவருக்கு எப்படித் தெரியும்? கைய ஆட்டி உள்ளுக்கு கூப்பிட்டது நீங்க. ஒங்க மேலதான் சொல்றேன். கைதட்டுன எல்லார் மேலயும் சொல்றேன்.”

அதற்குப் பிறகு அங்கே எனக்கு நல்ல பெயர் இல்லை.

என் அப்பா இந்தத் தோட்டத்தில்தான் வேலை செய்து செத்தார். தோட்டத்தை நடத்துகிற துரையின் ஜீப் சத்தம் வளைவுக்கு அப்பால் கேட்டால் போதும், அப்பா ரோட்டை விட்டு ஓரத்தில் தண்ணீர் ஓடுகிற கானுக்குள் இறங்கி, தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொள்வார். குடையைச் சுருக்கச் சொல்லி எங்களையும் இழுத்துக்கொள்வார். மழை பெய்தாலும் சுருக்க வேண்டும். அப்போது அதற்கு ஒரு காரணம் இருந்தது. ஒதுங்காதவனுக்கு மறுநாள் பேர் விழாது, வேலையும் கூலியும் இல்லை. இப்போது எந்தத் துரை நம் பேரை வெட்டப் போகிறான்? ஆனாலும் ஒதுங்குகிறோம். ஒதுங்கி ஒதுங்கி, நமக்கும் யாராவது ஒதுங்க மாட்டார்களா என்று ஏங்குகிறோம். கம்பனிக்காரன் விற்பது இரும்பும் ரப்பரும்தான். அதற்கு மேலே ஒரு மரியாதையை ஏற்றிக் கொடுப்பது நாம். அந்த மரியாதைக்குத்தான் ஒருவன் கடன்பட்டு, இரண்டு மடங்கு எண்ணெய் ஊற்றி, ஒற்றை ஆளாகச் சவாரி போகிறான். நாம் எழும்பாமல் உட்கார்ந்திருந்தால் பாதி ஜீப் ஒரு மாதத்தில் விற்பனைக்கு வந்துவிடும்.

நான் விடவில்லை. லீவு போட்டு மறுபடி டிப்போவுக்குப் போனேன். அதே அதிகாரி, இன்னொரு முறை பஸ்ஸை அனுப்புகிறேன் என்றார். ஒரே ஒரு நிபந்தனை, அன்று யாரும் அங்கே இருக்கக் கூடாது. களம் காலியாக இருக்கும் என்று கமிட்டி சொல்லி அனுப்பினால் போதும். தலைவரிடம் வந்து சொன்னேன். அவர் தலையைச் சொறிந்தார்.

“அது எப்படி தங்கச்சி? ஐயா ரிப்பன் வெட்டித் தொறந்த பஸ்ஸு. அவருக்குத் தெரியாம வந்தா, அன்னைக்கு வரலன்னு ஆகிப்போகும்ல? அவருக்கு மரியாதக் கொறச்சல்.”

“அன்னைக்கு வரலயே அண்ணே.”

“சரி, அவருகிட்ட ஒரு தேதி கேக்குறேன்.”

தேதி இன்னும் வரவில்லை. திறந்து வைக்கப்பட்ட பஸ்ஸுக்காக நாங்கள் காத்திருக்கிறோம். இதற்கிடையில் தலைவர் ஒரு பழைய ஜீப் வாங்கிவிட்டார். கோயில் விஷயமாகப் பெரிய இடங்களுக்குப் போக வேண்டியிருக்கிறதாம், த்ரீவீலில் போய் இறங்கினால் ஆள் மதிக்கிறதில்லையாம்.

போன மாதம் தவணைப் பரீட்சை. விடியற்காலையில் கொட்டுகிற மழை. த்ரீவீல்காரர் வரவில்லை. நானும் மகளும் ஒரே குடைக்குள் பாதி தூரம் இறங்கியிருந்தபோது தலைவரின் ஜீப் பின்னால் வந்து நின்றது. “ஏறு பாப்பா, ஸ்கூல்ல எறக்கி விடுறேன்” என்றார். என் ரோஷம் அவள் பரீட்சையைவிடப் பெரிதா? ஏறச் சொன்னேன். நான் நடந்தே இறங்கி பஸ் பிடித்தேன்.

பின்னேரம் அவள் துண்டால் தலையைத் துடைத்தபடி கதை சொன்னாள்.

“லேட்டுதாம்மா. கேட் பூட்டிட்டாங்க. ஜீப்பப் பாத்ததும் வாட்ச்சர் ஓடி வந்து பெரிய கேட்டையே தொறந்துட்டாரு. எறங்குனது நான்னு கண்டதும் ஒரு மாதிரி முழிச்சாரு. ஆனா ஒன்னும் சொல்லல.”

அவள் சிரித்தாள். நானும் சிரித்துவிட்டு, மற்ற நாளில் பிந்தினால் என்ன செய்வார் என்று சும்மா கேட்டேன்.

“வெளியதான் நிக்கணும். மொத பாடம் முடிஞ்சாத்தான் உள்ள விடுவாங்க.”

“மழையிலயுமா?”

“கேட்டுக்குப் பக்கத்துல ஒரு மரம் இருக்கும்மா.”

இதை அவள் இத்தனை நாளும் என்னிடம் சொன்னதே இல்லை. முதல் பாடம் என்ன என்று கேட்டேன். கெமிஸ்ட்ரி என்றாள். நோட்ஸைப் பிறகு யாரிடமாவது எழுதிக்கொள்வாளாம்.

“அதான் சொல்றேன், படிச்சு முடிச்சு வேலைக்குப் போனா மொதல்ல ஒரு ஜீப் வாங்கணும்மா” என்றாள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஊரில் யார் சொல்லியிருந்தாலும் அந்த இடத்திலேயே கிழித்திருப்பேன். அவளுடைய நனைந்த சப்பாத்துகளை அடுப்புப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்து, அவள் முன்னால் உட்கார்ந்தேன். கெமிஸ்ட்ரி நோட்ஸில் விடுபட்ட பக்கங்களைக் காட்டச் சொன்னேன்.